கயல் கோயிலுக்குள் போன வாரம்

யாழ்ப்பாணம் போய்வந்ததை எழுதித் தரும்படி எங்கள் திருமுறை மன்றத்துப் பெண்கள் என்னைக் கேட்டுச் சில வருடங்கள் ஆகின்றன. நானும் வருடம் தவறாமல் ஒரு தாளில் பிள்ளையார் சுழி போட்டு, நாலு வரி எழுதி, மடித்துப் பூஜை அலமாரியில் வைத்துவிடுவேன். அப்படி மடித்த தாள்களை எடுத்து என் வீட்டுக்காரர் விபூதி பொட்டலம் கட்டியிருக்கிறார்.

நான் படித்தது எட்டாம் வகுப்பு. தப்பில்லாமல் எழுத வருமா என்பது ஒரு தயக்கம். "கோயில் குளம்னு இருந்தவளுக்கு எதுக்கு இந்தப் பேச்சு" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்களே என்பது இன்னொன்று. எல்லாவற்றையும்விடப் பெரிய தயக்கம், இது என் கதை மட்டும் இல்லை. இதில் ஒரு பெண்பிள்ளை வருகிறாள். அவளைக் கேட்காமல் எழுதினால் அது திருட்டு மாதிரி. போன மாதம் போனில் கேட்டுவிட்டேன்.

"எழுதுங்கோ அன்ரி. ஆனா என்னைப் பாவம் எண்டு மட்டும் எழுதிப்போடாதேங்கோ" என்றாள்.

சரி என்று சத்தியம் செய்துவிட்டேன். ஆகையால் இதில் யாரும் பாவம் இல்லை. என் வீட்டுக்காரர் மட்டும் கொஞ்சம் பாவம். அது வருகிற இடத்தில் வரும்.

போர்க் காலத்தில் சீர்காழியில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் குடியிருந்தவர் சிவகாமி அக்கா. சண்டை ஓய்ந்ததும் ஊர் திரும்பி இணுவிலில் வீடு கட்டிக்கொண்டார். அதற்குப் பக்கத்தில் ஒரு பிள்ளையார் கோயில். அங்கே பள்ளிக்கூட விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டி ஒரு வாரம் தேவாரம் சொல்லிக்கொடுக்கிறார். கடைசி நாள் பிள்ளைகள் எல்லோரும் மூலஸ்தானத்துக்கு முன்னால் நின்று பாடுவார்கள். "சமையலுக்குக் கை காணாது மீனா, அண்ணையையும் கூட்டிக்கொண்டு வா" என்று எழுதியிருந்தார். கோயிலின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. பிள்ளையாருக்குத் தெரியும்.

நாங்கள் ஏறியது இறக்கையில் காற்றாடி வைத்த சின்ன விமானம். காற்றாடி சுற்றத் தொடங்கியதும் என் வீட்டுக்காரர் முறுக்கு டின்னை மடியில் இறுக்கிக்கொண்டு கண்ணை மூடினார். இறங்கும்வரை திறக்கவில்லை. கடலைப் பார்த்தாயா என்று என்னிடமே பிறகு கேட்டார். எங்கள் ஊரில் இருந்து சென்னை போய்ச் சேரும் நேரத்தில் கால்வாசிகூட ஆகவில்லை, வேறு நாடு வந்துவிட்டது.

சிவகாமி அக்கா வாசலிலேயே நின்றார். "வாங்கோ வாங்கோ. என்ன அண்ணை, நல்லா மெலிஞ்சு போனியள்!"

என் வீட்டுக்காரர் மெலியவில்லை. அவர் உட்கார்ந்தால் வேட்டி முடிச்சு அவருக்கே தெரியாது. ஆனாலும் அந்த ஒரு வார்த்தைக்காக அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தார். இட்லி இல்லையா என்றுகூடக் கேட்கவில்லை. ராத்திரிச் சாப்பாடு இடியப்பமும் சொதியும் சம்பலும். சொதி என்பது தேங்காய்ப்பாலில் செய்த லேசான குழம்பு, கஞ்சி மாதிரி சாது. சம்பல் அதற்கு நேர் எதிர். சொதியை நம்பிச் சம்பலையும் ஒரு கை அள்ளிய என் வீட்டுக்காரர் கண்ணில் நீர் வழிய, "ரொம்ப நல்லா இருக்குங்க" என்றார்.

சாயங்காலம் கோயிலுக்குப் போனபோதே ஒன்று கவனித்தேன். அங்கே ஆண்கள் மேல்சட்டையைக் (அங்கே அதற்குச் சேட்டு என்று பெயர்) கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எங்கள் பக்கம் சில கோயில்களில் மட்டும் உள்ள வழக்கம், அங்கே எல்லாக் கோயிலிலும். வாசலில் பலகை பார்த்ததும் என் வீட்டுக்காரர் வயிறு சரியில்லை என்று சொல்லி வேப்பமரத்தடியிலேயே நின்றுகொண்டார். அவர் கிணற்றடியில் குளிக்கும்போதுகூடப் பனியனோடு குளிக்கிற மனிதர்.

அன்று இரவு சாப்பிட்டுவிட்டுப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு பால் இல்லாத தேநீர் குடித்தோம். அப்போதுதான் சிவகாமி அக்கா அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொன்னார்.

"புத்தூரிலை இருந்து ஒரு பிள்ளை வரும், கயல் எண்டு. பதினேழு வயது. பிறக்கேக்கை பெடியன் எண்டு பதிஞ்சவை. அவள் தன்னைப் பெட்டை எண்டுதான் சொல்லுறாள். நாங்களும் அப்பிடித்தான் கூப்பிடுறம். சரியான நல்ல குரல். போன வருசம் கடைசி நாள், எல்லாப் பிள்ளையளோடையும் கோயில் வாசல் மட்டும் வந்தாள். வாசலிலை நிக்கிற செல்வராசா அண்ணை அவளைப் பிடிச்சு நிப்பாட்டி, 'தம்பி, சேட்டைக் கழட்டு' எண்டார். சனத்துக்கு முன்னாலை. பிள்ளை திரும்பி, நேரை பஸ்ஸுக்குப் போனவள்தான். ஒரு வருசம் வாயே திறக்கேல்லையாம். இந்த முறை நான் வீட்டை போய்க் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு வாறன். இந்த முறையும் வாசலிலை அப்பிடி நடந்துதெண்டால், மீனா, அவள் இனிப் பாடமாட்டாள்."

மறுநாள் காலையில் வகுப்பு நடக்கும் கோயில் மடத்துக்குப் போனோம். ஒரு பக்கம் ஆண்பிள்ளைகளுக்குப் பாய், இன்னொரு பக்கம் பெண்பிள்ளைகளுக்குப் பாய். நட்டநடுவில் ஒரு பிளாஸ்டிக் கதிரை. (நாற்காலியை அங்கே கதிரை என்கிறார்கள்.) கதிரைக்கு ஒரு மெத்தை, பக்கத்தில் ஒரு மேசை விசிறி, ஒரு சொம்பில் தண்ணீர். இந்த ஏற்பாட்டைச் செய்தவர் பொன்னம்பலம் மாஸ்டர். இந்தத் தேவார முகாமின் பொருளாளர், ஓய்வு பெற்ற வாத்தியார். தங்கமான மனிதர். விஷயத்தைக் கேள்விப்பட்டதில் இருந்து அந்தப் பிள்ளைக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று தூக்கமில்லாமல் யோசித்து இந்த முடிவுக்கு வந்திருந்தார்.

கயல் வந்தாள். ஒல்லியான உயரமான பெண். பூப்போட்ட சட்டை, பின்னல், தோளில் பள்ளிக்கூடப் பை. மாஸ்டர் ஓடிப்போய்க் கதிரையைக் காட்டினார். "இது உமக்குத்தான் பிள்ளை. ஸ்பெசல்."

அவள் கதிரையைப் பார்த்தாள், மெத்தையைப் பார்த்தாள். "என்ன மாஸ்டர், என்னைப் பொம்பிளை பாக்க வருகினமோ?"

பிள்ளைகள் எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டரும் சிரித்தார், எதற்கென்று தெரியாமல்.

மாஸ்டரைச் சொல்லிவிட்டேன், இனி என்னைச் சொல்கிறேன். எங்கள் பக்கம் கடை திறந்தாலும் கல்யாணம் வைத்தாலும் திருநங்கைகள் வந்தால் வெற்றிலையில் பணம் வைத்துக் கொடுத்துத் தலையைக் குனிந்து ஆசீர்வாதம் வாங்குவோம். அவர்கள் வாயால் ஒரு வார்த்தை சொன்னால் பலிக்கும் என்பது என் அம்மா காலத்து நம்பிக்கை. என் மருமகளுக்கு அப்போது குழந்தை தங்காமல் இருந்தது. அன்று கயலுக்கு மோர் கொடுக்கப் போன நான், டம்ளரைக் கீழே வைத்தேன். முந்தானையில் முடிந்திருந்த நோட்டை எடுத்து, அந்தப் பிள்ளையின் கையில் வைத்துத் தலையைக் குனிந்துவிட்டேன். "மருமக வயித்துல ஒண்ணு தங்கணும்னு ஒரு வார்த்தை சொல்லும்மா."

கயல் திரும்பிப் பின்னால் பார்த்தாள். யாரோ சாமியாருக்கு நான் குனிகிறேன் என்று நினைத்திருக்கிறாள். பின்னால் யாரும் இல்லை, ஒரு அண்டாதான் இருந்தது.

"எனக்கோ அன்ரி?"

"ஆமாம்மா."

"ஐயோ அன்ரி, எழும்புங்கோ! வாற மாதம் எனக்குக் கணக்குச் சோதினை. நான்தான் உங்கடை காலிலை விழவேணும்." நோட்டை மடித்து என் கையில் திருப்பி வைத்தாள். "மருமகளை டொக்டரிட்டைக் காட்டினியளோ?"

காட்டியிருக்கிறோம் என்றேன். "அப்ப சரி" என்று சொல்லி மோரை எடுத்துக் குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

எனக்கு முகம் சிவந்துபோயிற்று. அந்தப் பிள்ளை கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அண்டா கழுவிக்கொண்டே யோசித்தேன். எங்கள் ஊர்க் கடைவீதியில் இத்தனை வருடம் எத்தனை பேரிடம் குனிந்திருக்கிறேன். ஒருத்தியிடமாவது நீ சாப்பிட்டாயா, என்ன படித்தாய் என்று கேட்டதுண்டா? சாமி என்று உயரத்தில் வைத்துவிட்டால் நம்மோடு பாயில் உட்கார இடம் கொடுக்க வேண்டியதில்லை. மாஸ்டர் கதிரையில் வைத்தார். நான் கர்ப்பக்கிரகத்தில் வைத்தேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

கயல் கதிரையில் உட்காரவே இல்லை. பெண்பிள்ளைகளின் பாயில் ஓரமாகப் போய் உட்கார்ந்தாள். ஆனால் கதிரைக்குப் பக்கத்தில் விசிறி ஓடிக்கொண்டிருந்தது. யாழ்ப்பாணத்து வெயில் சாதாரண வெயில் இல்லை. பத்து மணி ஆனதும் ஒரு பையன் மெல்ல விசிறிப் பக்கம் நகர்ந்தான். அவனைப் பார்த்து ஒரு பெண் நகர்ந்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் போய்ப் பார்த்தபோது எந்தப் பாயிலும் ஆள் இல்லை. அத்தனை பேரும் விசிறியைச் சுற்றிக் குவியலாக உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். குவியலுக்கு நடுவில் கயல். கதிரையில் மாஸ்டர் உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

சிவகாமி அக்கா அதைப் பார்த்துவிட்டுப் பாய்களை மறுபடி பிரித்துப் போடவில்லை. அடுத்த நாளில் இருந்து குரலைப் பார்த்து உட்கார வைத்தார். கீழ்ச் சுருதிக்காரர் ஒரு பக்கம், மேல் சுருதிக்காரர் ஒரு பக்கம். இன்னும் குரல் உடையாத பையன்கள் பெண்களோடு, கட்டைக் குரல் பெண்கள் இரண்டு பேர் பையன்களோடு. "பாட்டு வகுப்பிலை வேறை என்னத்தைப் பாத்துப் பிரிக்கிறது? இதை நான் முதலே யோசிச்சிருக்க வேணும்" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அந்த இரண்டு மூன்று நாளும் எனக்குச் சமையல்கட்டில் பொழுது போனது தெரியவில்லை. கத்தரிக்காய்க்குத் தேங்காய்ப்பால் விடுகிறார்கள். முருங்கைக்காய்க்கும் விடுகிறார்கள். விட்டால் ரசத்துக்கும் விடுவார்கள் போல. நான் எங்கள் ஊர்ச் சாம்பார் வைத்தேன். பிள்ளைகள் மரியாதையாகச் சாப்பிட்டார்கள். கயல் மட்டும், "அன்ரி, இது ரசமோ கறியோ எண்டு முதலே சொல்லியிருந்தால் அதுக்கேற்ற மாதிரிச் சாப்பிட்டிருப்பன்" என்றாள்.

இந்த நல்ல நாட்களுக்கு நடுவில் மாஸ்டருக்கு இரண்டாவது யோசனை வந்தது. கடைசி நாள், வெள்ளிக்கிழமை, உள்ளே போனால்தானே சட்டை கழற்றுகிற பிரச்சினை? கோயிலுக்கு வெளியே வீதியில் ஒரு பந்தல் போட்டு, பிள்ளைகள் எல்லோரும் அங்கேயே பாடிவிட்டால்? பந்தல்காரரிடமும் பேசிவிட்டார். பேசிய பிறகுதான் எங்களிடம் சொன்னார்.

பிள்ளைகளின் முகம் வாடிவிட்டது. வருடம் முழுக்க அவர்கள் காத்திருப்பதே மூலஸ்தானத்துக்கு முன்னால் நின்று பாடுகிற அந்தச் சிறிது நேரத்துக்குத்தான். யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லாததே கயலுக்குக் கேட்டுவிட்டது. பையை எடுத்து மாட்டிக்கொண்டு சமையல்கட்டுக்கு வந்தாள்.

"நான் வெள்ளிக்கிழமை வரேல்லை அன்ரி. எனக்காக எல்லாரும் ஏன் வெயிலிலை நிக்கவேணும்? சிவகாமி அன்ரியிட்டைச் சொல்லுங்கோ."

சிவகாமி அக்கா பின்னாலேயே வந்தார். கரண்டியை என் கையில் இருந்து வாங்கிக் கீழே வைத்துவிட்டு அவள் முன்னால் உட்கார்ந்தார்.

"பிள்ளை, மாஸ்டர் கதிரை போட்டார். இப்ப பந்தல் போடப்போறார். நான் உன்னை வீட்டிலை வந்து இழுத்துக்கொண்டு வந்தனான். ஒருத்தரும் உன்னைக் கேக்கேல்லை. இப்ப கேக்கிறன். உனக்கு என்ன வேணும்?"

அவள் சுவரில் ஊர்ந்த எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்டும் ஸ்பெசலா வேண்டாம். மற்றப் பெட்டையளோடை வரிசையிலை நடந்து போகவேணும். வாசலிலை ஒருத்தரும் என்னை நிப்பாட்டக்கூடாது. உள்ளுக்கை போய்ப் பாடவேணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான். இதற்கா இத்தனை ஏற்பாடு என்று இருந்தது எனக்கு.

ஆனால் அது லேசு இல்லை. சிவகாமி அக்கா முதலில் கோயில் ஐயரிடம் போனார். ஐயர் நல்லவர். "எனக்கு ஒரு ஆட்சேபனையும் இல்லை. பிள்ளையாருக்கும் இராது. ஆனா வாசல் என்ரை கையிலை இல்லை அம்மா, அது செல்வராசாவின்ரை பொறுப்பு" என்றார். உள்ளே பிள்ளையாரின் ஆட்சி, வாசலில் செல்வராசாவின் ஆட்சி. அந்தச் செல்வராசா சாவகச்சேரிச் சந்தையில் பலாப்பழ வியாபாரி. கோயில் நாள் தவிர மற்ற நாளில் சந்தையில்தான் பிடிக்க முடியும். பந்தலை நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டு, வியாழக்கிழமை சிவகாமி அக்காவும் நானும் என் வீட்டுக்காரரும் சாவகச்சேரி வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினோம்.

பஸ்ஸில் பாட்டு அலறியது. பெண்கள் இருவரும் கூட்டத்தில் பின்னால் தள்ளப்பட்டோம். முன்னால் ஒரு இருக்கைக்கு மேலே மதகுருமாருக்கு உரியது என்று எழுதியிருந்தது. என் வீட்டுக்காரரின் நெற்றியில் பட்டையான விபூதி, கழுத்தில் ருத்திராட்சம். கண்டக்டர் அவரைக் கண்டதும், "ஐயா, இஞ்சாலை வாங்கோ, உங்கடை சீற்றிலை இருங்கோ" என்று கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டான். அவரும் கால் வலியில் உட்கார்ந்துவிட்டார். பின் சீட்டு அம்மாள் குனிந்து, மகளின் கலியாணத்துக்கு எந்த மாதம் நல்லது ஐயா என்று கேட்டாள். இவர் தயங்காமல் "வைகாசி" என்றார்.

இரண்டு நிறுத்தம் தள்ளி வெள்ளை அங்கி போட்ட பாதிரியார் ஒருவர் ஏறினார். என் வீட்டுக்காரர் துள்ளி எழுந்தார்.

"உக்காருங்க ஃபாதர்."

"நீங்கள் இருங்கோ ஐயா. வயது போனவர்."

"இல்லங்க, நான் குருக்கள் இல்ல. அரிசி மண்டியில கணக்கு எழுதுறவன்."

பாதிரியார் பின் சீட்டு அம்மாளைப் பார்த்தார். "அப்ப அந்த அம்மாவுக்கு வைகாசி எண்டு நாள் வைச்சுக் குடுத்தது ஆர்?"

பஸ்ஸே சிரித்தது. அந்த அம்மாள் சிரிக்கவில்லை. பாதிரியாரும் இவரும் நீங்கள் இருங்கள், நீங்கள் இருங்கள் என்று உபசாரம் செய்துகொண்டே இருக்க, சீட்டு காலியாகவே ஓடியது. சிரித்த சிரிப்பில் நாங்கள் இறங்க வேண்டிய சாவகச்சேரி தாண்டிப் போய்விட்டது. கொடிகாமத்தில் இறங்கி, வந்த வழியே இன்னொரு பஸ்ஸில் திரும்பினோம்.

செல்வராசா அண்ணை மெலிந்த மனிதர். குரல் மட்டும் தவில் மாதிரி. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பலாப்பழம் பிளந்துகொண்டிருந்தார். சிவகாமி அக்கா சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னார்.

"கோயில் முறை எண்டு ஒண்டு இருக்கெல்லோ, சிவகாமி" என்றார் அவர்.

"என்ன முறை? ஆம்பிளையள் சேட்டைக் கழட்டிப்போட்டு வரவேணும். பொம்பிளையள் அப்பிடியே வரலாம். அவள் பொம்பிளைப் பிள்ளை, அப்பிடியே வருவாள். முறையை ஆர் மாத்தச் சொன்னது?"

"சனம் கதைக்கும்."

"அண்ணை, நீங்கள் கத்தினால் சனம் திரும்பி அவளைப் பாக்கும். நீங்கள் கத்தாட்டில் சனம் பிள்ளையாரைப் பாக்கும். கோயிலுக்கு வாறது எதைப் பாக்க?"

அவர் சுளைகளை எடுத்து ஒரு வாழையிலையில் வைத்து எங்களிடம் நீட்டினார். "சாப்பிடுங்கோ. இந்தியாவிலை இப்பிடிக் கிடையாது." பிறகு அடுத்த பழத்தை இழுத்து வைத்துக்கொண்டு, "பாப்பம்" என்றார்.

யாழ்ப்பாணத்தில் 'பாப்பம்' என்பது எங்கள் தாலுகா ஆபீசில் 'நாளைக்கு வாங்க' என்பதற்குச் சமம் என்று சிவகாமி அக்கா சொன்னார். ஆம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. சுளை உண்மையிலேயே தேன். ஆனால் நான் ஒன்றோடு நிறுத்திவிட்டேன். என் வீட்டுக்காரர் என் பங்கையும் சாப்பிட்டார். கயல் பற்றி அவர் அன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. நல்லதாகவும் இல்லை, கெட்டதாகவும் இல்லை.

வெள்ளிக்கிழமை விடிந்தது. கயலை அவள் அம்மா ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கினாள். தோட்டம் செய்கிற பெண், கையில் வெங்காயத் தாள் வாசனை. மடத்துக்கு என்று ஒரு பை வெங்காயமும் கொண்டுவந்திருந்தாள். "நான் உள்ளுக்கை வரேல்லை, இதிலை நிக்கிறன்" என்று ஸ்கூட்டரின் அருகிலேயே நின்றுகொண்டாள். திரும்பிக் கூட்டிப்போக வேண்டி வருமோ என்று நினைத்திருப்பாள். சாவியை வண்டியில் இருந்து எடுக்கவில்லை.

கயல் பச்சைப் பாவாடையும் தாவணியும் கட்டியிருந்தாள். மற்றப் பெண்கள் ஆளுக்கு ஒரு ஊசியோடு வந்து தாவணிக் கொசுவத்தைத் திருத்தினார்கள். "ஏய், குத்தாதை!" "நீ அசையாதை! இவளுக்கு இடுப்பே இல்லை, எங்கை குத்துறது?" "உனக்கு இருக்கிறதிலை கொஞ்சம் தா." என்று ஒரே கூச்சல்.

மாஸ்டர் குடையோடு வந்தார், கயலுக்கு முன்னால் நடந்து வழிவிலக்கப் போவதாக. சிவகாமி அக்கா குடையை வாங்கிக்கொண்டார். "மாஸ்டர், இண்டைக்கு நீங்கள் செய்யவேண்டிய பெரிய உதவி, சும்மா நிக்கிறது." மாஸ்டர் சும்மா நின்றார். அவருக்கு வியர்த்துக் கொட்டியது.

வரிசை கிளம்பியது. கயல் என்னைத் திரும்பிப் பார்த்து மெல்லச் சொன்னாள். "அன்ரி, வாசல் வரைக்கும் வாறன். நிப்பாட்டினால் அம்மாவோடை போயிடுவன். பிறகு ஒருத்தரும் வந்து கூப்பிடக்கூடாது."

நான் அவளுக்குப் பின்னால் நடந்தேன். வாயில் விநாயகர் பெயர்தான். பையன்கள் முன்னால், வெற்று மேனியில் விபூதி பூசி. அவர்களுக்குப் பின்னால் என் வீட்டுக்காரர். வாரம் முழுக்க வேப்பமரத்தடியிலேயே காலம் தள்ளியவர், அன்று பிள்ளைகள் பாடுவதைக் கேட்க ஆசைப்பட்டு வந்துவிட்டார், முழுக்கைச் சட்டையோடு. மேலே ஒரு துண்டைப் போர்த்தினால் தெரியாது என்று நினைத்திருக்கிறார். அவருக்குப் பின்னால் பெண்கள்.

"ஐயா! சேட்டு!"

அந்தக் குரலுக்குக் கோபுரத்துப் புறா பறந்தது. கயல் அப்படியே நின்றுவிட்டாள். பிறகுதான் அது என் வீட்டுக்காரருக்கு என்று விளங்கியது.

"எங்க ஊர்ல எல்லாம் சட்டையோடதாங்க..."

"உங்கடை ஊரிலை போட்டுக்கொண்டு போங்கோ. இஞ்சை கழட்டவேணும்."

"கொஞ்சம் வயிறு... பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க..."

"பிள்ளையாருக்கு முன்னாலை வயித்துக்கு வெக்கப்படுற முதல் ஆள் நீங்கள்தான் ஐயா. அவரின்ரை வயித்தைப் பாத்தனீங்களோ? கழட்டுங்கோ!"

வரிசை முழுவதும் சிரித்தது. என் வீட்டுக்காரர் பொத்தானைக் கழற்றத் தொடங்கினார். முதல் பொத்தான், இரண்டாவது. காது வரைக்கும் சிவந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று. கல்யாணம் ஆகி இத்தனை வருடத்தில் அந்த மனிதர் இப்படிக் கூனிக்குறுகி நான் பார்த்ததில்லை. சட்டையைக் கழற்றி மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, செல்வராசாவிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஏங்க, இந்த வயசுல எனக்கே உடம்பு இப்படிக் கூசுது. போன வருஷம் அந்தப் பொண்ணுகிட்டயா இதைச் சொன்னீங்க?"

சண்டைக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார். செல்வராசா அண்ணை அவரைப் பார்த்தார். பிறகு வரிசையைப் பார்த்தார். இவர் கையில் இருந்த சட்டையை வாங்கி, அழகாக மடித்து, தன் கதிரையின் மேல் வைத்தார்.

பெண்கள் ஒவ்வொருவராகப் படி ஏறினார்கள். கயலின் முறை வந்தது. அவள் படிக்குக் கீழே நின்றாள். செல்வராசா அண்ணை வாயைத் திறந்தார்.

"படி உயரம், தங்கச்சி. பாவாடை தடக்கும். தூக்கிப் பிடிச்சுக்கொண்டு போ."

கயல் அசையவில்லை. அவர் மறுபடி, இந்த முறை தன் வழக்கமான தவில் குரலில், "என்ன பிள்ளை பாத்துக்கொண்டு நிக்கிறாய்? மணி அடிச்சிட்டுது, கெதியாப் போ!" என்று அதட்டினார். மற்றப் பெண்களை அதட்டியது போலவே.

அவள் பாவாடையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். நான் திரும்பிப் பார்த்தேன். தூரத்தில் அவள் அம்மா ஸ்கூட்டரில் இருந்து சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டிருந்தாள்.

உள்ளே எண்ணெய் வாசனை, கற்பூரப் புகை. பிள்ளைகள் தேவாரத்தைத் தொடங்கினார்கள். மெல்லிய குரல்கள் மேலே போக, அவற்றுக்கு அடியில் ஒரு கனமான குரல் எழுந்து வந்தது. முதலில் பயந்து பயந்து, இரண்டாவது அடியில் நிமிர்ந்து, மூன்றாவது அடியில் கருங்கல் தூண்களில் பட்டுத் திரும்பியது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் பிள்ளையாரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் தூணில் சாய்ந்து அழுதார். வெற்று மேனியோடு என் வீட்டுக்காரர், வயிற்றை மறைக்க மறந்து, இரண்டு கையையும் தலைக்குமேல் குவித்திருந்தார். வெளியே வாசலில் செல்வராசா அண்ணை வேறு யாரையோ சட்டைக்காகத் திட்டிக்கொண்டிருந்தார்.

நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்று எழுத மாட்டேன். அது எனக்கும் பிள்ளையாருக்கும் உள்ளது.

இவ்வளவுதான் நான் யாழ்ப்பாணத்தில் கண்டது. இதைப் படிக்கிறவர்கள், உங்கள் ஊரில் பிள்ளைகளுக்குப் பாட்டோ விளையாட்டோ சொல்லிக்கொடுக்கிற யாருக்காவது கொடுங்கள். கொடுக்கும்போது கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். நான் நோட்டை நீட்டித் தலை குனிந்ததை எடுத்துவிட வேண்டாம். வயிறு வருகிற இடத்தை நீக்கச் சொல்லி என் வீட்டுக்காரர் கேட்கிறார், அதையும் நீக்க வேண்டாம். என் எழுத்துப் பிழைகளைத் திருத்துகிறவர்கள் திருத்திக்கொள்ளுங்கள். ஆனால் கயல் என்று இருக்கிற இடத்தில் கயல் என்றே இருக்கட்டும். அதற்கு முன்னால் அவளுக்கு என்ன பெயர் என்று யாராவது என்னிடம் விசாரித்தால், எனக்குத் தெரியாது. நான் கேட்கவே இல்லை.